பி-38: கீசெயினில் தொங்கும் ராணுவ டின் ஓப்பனர்

38 மில்லிமீட்டர் நீளம், மடங்கும் ஒரு பிளேடு, தொங்கவிட ஒரு துளை. அமெரிக்க ராணுவம் 1942-இல் உருவாக்கிய பி-38 இவ்வளவுதான். சி-ரேஷன் எனும் ராணுவ உணவு டின்களைத் திறக்க வீரர்கள் இதை அடையாளத் தகட்டோடு கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்க மரீன் படையினர் இதற்கு வைத்த பட்டப்பெயர், ஹாலிவுட் நடிகர் 'ஜான் வேய்ன்' பெயர்.

ரசகுல்லா டின்னில் சோதிக்கலாம். பிளேடை 90 டிகிரிக்கு விரித்து, பக்கத்துப் பள்ளத்தை டின் விளிம்பின் அடியில் கொக்கியாக மாட்டி, மணிக்கட்டைத் திருப்பினால் 'டக்'கென்று முதல் ஓட்டை விழும். பிறகு டின்னைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஓப்பனரை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஒரு கடிக்கு 5 மில்லிமீட்டர் போதும். அவசரப்பட்டுப் பெரிதாகக் கடித்தால் தகடு கிழிந்து பிசிறு நிற்கும், விரலைப் பதம் பார்க்கும். கடைசி ஒரு சென்டிமீட்டரை வெட்டாமல் விட்டு மூடியை மடக்கினால், அது பாகுக்குள் விழாது.

வாங்கும்போது கீலைப் பாருங்கள். நல்லதில் பிளேடு இறுக்கமாக மடங்கும். மலிவு நகலில் லொடலொடவென்று ஆடி, பாக்கெட்டுக்குள்ளேயே விரிந்து துணியைக் கிழிக்கும். கழுவியதும் துடைக்காவிட்டால் துரு முதலில் பிடிப்பதும் அந்தக் கீலில்தான். இடதுகைக்காரர்கள் வெட்டும் முனை தங்களை நோக்கி இருக்கும்படி இடது கையில் பிடித்து, அசைவை எதிர்த்திசையில் செய்ய வேண்டும். விளிம்பில்லாத டின்னுக்கு இது உதவாது.

வீட்டில் தினமும் டின் திறப்பவர்கள் 51 மில்லிமீட்டர் பி-51 வாங்கலாம். நெம்பு நீளம் என்பதால் கட்டைவிரல் வலி குறையும்.