ஏர் கன்: ஸ்பிரிங்கா, சிஓ2-வா, பிசிபி-யா? வட சென்னைக்கு எது தாங்கும்

ஏர் கன் வாங்கி நொந்துபோனவர்களின் புகார் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பெரும்பாலும் நான்குதான். குறி நிற்கவில்லை, ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) ஆடிவிட்டது, காற்று இறங்குகிறது, துரு பிடித்துவிட்டது. எந்த ரகம் வாங்கினீர்கள் என்று சொன்னால் போதும், இதில் எந்தப் புகாரோடு வருவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ரகத்துக்குப் போகும் முன் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வேகத்தைப் பார்த்துவிடுவோம், ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. 2016 ஆயுத விதிகளின்படி குழல் வாய் 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேற்படாமல், குண்டு வெளியேறும்போது ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமல் இருந்தால் உரிமம் தேவையில்லை. சரி, ‘நொடிக்கு 1000 அடி’ என்று போட்டு விற்கிறார்களே? வழக்கமான 0.53 கிராம் ஈயக் குண்டு அந்த வேகத்தில் போனால் ஆற்றல் கிட்டத்தட்ட 25 ஜூல், சட்டத்தின் வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே ஒன்று, எடை குறைந்த உலோகக் கலவைக் குண்டைப் போட்டு அளந்திருப்பார்கள். இல்லையென்றால் அந்த எண் வெறும் அலங்காரம். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய 10 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர்தான். அதைச் சுடும் போட்டித் துப்பாக்கிகளே நொடிக்கு 600 அடியைத் தொடுவதில்லை. வேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஸ்பிரிங் ரகம் எல்லோருக்கும் தெரிந்தது. திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் பலூன் சுடும் கடைக்காரர் குழலை மடக்கிக் கொடுப்பாரே, அதே ஜாதி. மடக்கும்போது ஸ்பிரிங் அழுந்துகிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நெருக்கிக் குண்டைத் தள்ளுகிறது. இதில் ஒரு வினோதம், துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் உதைக்கும். பெரிய துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப் பின்னுதைப்பைத் தாங்கும், முன்னுதைப்பில் கழன்றுவிடும். விலை அதிகமான ஸ்கோப்பே முதலில் போவதைப் பார்த்து ஆட்கள் தலையில் கை வைக்கிறார்கள். ஏர் கன்னுக்கென்று செய்ததை வாங்குங்கள், அல்லது இரும்புக் குறியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘குறி நிற்கவில்லை’ என்பதில் பாதி, பிடிக்கும் விதத்தால் வருவது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம் போகும். முன்னால் தாங்கும் கையின் உள்ளங்கையில் சும்மா கிடத்தி, துப்பாக்கி தன் போக்கில் ஆடட்டும் என்று விட்டால் அதே குண்டுகள் ஒரு இடத்தில் சேரும். மீதிப் பாதி, குழல் மடங்கும் இணைப்பு தளர்வது. வாங்கும்போதே குழலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடினால் வேண்டாம்.

சுட்டதும் புகையும் பெருஞ்சத்தமும் வந்தால் பையன்களுக்குக் குஷி. உள்ளே போன எண்ணெய் அழுத்தத்தில் பற்றி எரிகிறது என்பதுதான் அதன் அர்த்தம், வாஷரும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போய்விடும். ஆனால் காசிமேட்டுக் காற்றில் ஜன்னல் கம்பியே உதிரும்போது எண்ணெய் போடாமலும் முடியாது. வெளிப்பக்கம் மெல்லியதாகத் துடையுங்கள், காற்று அறைக்குள் சொட்டக் கூடாது. அப்புறம், ரெக்சின் உறையில் போட்டுப் பரணில் ஏற்றாதீர்கள். ஈரம் உள்ளேயே அடைந்து, மழைக்காலம் முடிந்து எடுக்கும்போது குழல் செந்தூரம் பூசியது போல இருக்கும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் என் ஓட்டு இந்த ரகத்துக்குத்தான். விலை சில ஆயிரங்களில் முடிகிறது. ஸ்பிரிங்கும் வாஷரும் போனால் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு நல்ல லேத் பட்டறைக்காரர் சரிசெய்துவிடுவார். ஸ்பிரிங்குக்குப் பதில் வாயு அடைத்து வருகிறதே, அது அதிர்வு குறைவு, ஸ்பிரிங் தளரும் கவலை இல்லை. ஆனால் வாயு கசிந்தால் அந்தப் பட்டறைக்காரரும் கைவிரித்துவிடுவார்.

சிஓ2 கைத்துப்பாக்கியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 12 கிராம் கரியமில வாயுக் குப்பி போட்டுச் சுடுவது. குப்பிக்குள் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் 70-ஐத் தாண்டிவிடும். நம் மே மாத வெயிலில் ஒரு வேகம், மார்கழி காலையில் இன்னொரு வேகம். மடமடவென்று சுட்டால் வாயு குளிர்ந்து கடைசிக் குண்டுகள் தாழ்ந்து விழும். பெரும்பாலானவற்றில் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரியே கிடையாது, இரும்பு உருண்டை சுவரில் பட்டுத் திரும்பி வரும். பார்ப்பதற்கு அசல் மாதிரியே இருப்பதுதான் இதன் விற்பனைச் சூட்சுமம், ஆபத்தும் அதுவேதான். இடுப்பில் செருகிக்கொண்டு எம்.சி. ரோட்டில் நடந்தால் போலீஸ்காரர் ஜூல் கணக்குக் கேட்க மாட்டார்.

பிசிபி என்பது முன்கூட்டியே காற்று அடைத்து வைக்கும் ரகம். உதைப்பு இல்லை, குறி அசையாது, போட்டிக்காரர்கள் கையில் இருப்பது இதுதான். போட்டிக்கான நல்ல துப்பாக்கி லட்சத்தில் போகும். சிலிண்டரை 200 பார் வரை நிரப்பக் கைப்பம்பு வேண்டும், அதை அடித்துப் பார்த்தவர்களுக்கு உடற்பயிற்சிக் கூடமே தேவையில்லை. கடலோரக் காற்றின் ஈரம் பம்பு வழியாக உள்ளே போகிறது, வால்வு அரிக்கிறது, காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கசிகிறது. ஈரம் உறிஞ்சும் வடிகட்டி பம்பில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வாங்கிப் பொருத்துங்கள்.

மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று கனவு காணும் பிள்ளைக்கு எதை வாங்குவது என்று பெற்றோர் கேட்கிறார்கள். முதல் வருடம் எதுவுமே வேண்டாம். ரைஃபிள் கிளப்பில் சேர்த்து, அங்கே இருப்பதைச் சுடவிடுங்கள். பிள்ளைக்கு ரைஃபிளா பிஸ்டலா என்பதே அதற்குப் பிறகுதான் தெரியும். புறா வளர்ப்பவர்கள் பருந்தையும் வல்லூறையும் விரட்ட எது நல்லது என்று கேட்பதுண்டு. எதுவும் இல்லை. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பறவைகள் மேல் சுட்டால் சிறை.

பொழுதுபோக்குக்கு என்றால் வேகம் குறைந்த ஸ்பிரிங் ரகம் போதும். ஒட்டி ஒட்டி வீடு இருக்கும் தெருவில் மொட்டை மாடியிலிருந்து சுடுவது மட்டும் வேண்டாம், குறி தவறிய குண்டு நூறு மீட்டரைச் சுலபமாகத் தாண்டும். பின்னால் சுவர், அதன் முன்னால் தடித்த பலகை, அதன் மேல் பழைய ரப்பர் விரிப்பு என்று இருந்தால்தான் விசையில் விரல் போக வேண்டும்.

பழைய பிசிபி மலிவாக வருகிறது என்றால், காற்று நிரப்பி அளவுமானியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஒரு இரவு அங்கேயே வைக்கச் சொல்லுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் திரும்பி வந்துவிடலாம். இறங்கவில்லை என்றாலும் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். போட்டித் துப்பாக்கிச் சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஆயுள் பத்து வருடம். அது முடிந்திருந்தால் புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும்.