ஆன்சிபிள் மாறிகள்: பிளேபுக்கிலா, தனிக் கோப்பிலா?

ஆன்சிபிள் என்பது பல சர்வர்களைத் தானாக அமைத்துத் தரும் கருவி; அது செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் கோப்புதான் பிளேபுக். ஒரே மாறிக்குப் பல இடங்களில் மதிப்புக் கொடுத்தால் எது வெல்லும் என்பதற்கு ஆன்சிபிள் 22 படிகள் கொண்ட முன்னுரிமைப் பட்டியல் வைத்திருக்கிறது. நடைமுறையில் போட்டி மூன்றுக்குள்தான்: பிளேபுக்கிலேயே 'வார்ஸ்' (மாறிகள்) பகுதி எழுதுவது, சர்வர் குழுவுக்கான குரூப்_வார்ஸ், தனி சர்வருக்கான ஹோஸ்ட்_வார்ஸ் கோப்புகளில் பிரித்து வைப்பது, ஓட்டும்போது கட்டளை வரியில் கொடுப்பது. என் வேலைக்கு நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. ரோலின் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வேலைத்தொகுப்பின்) டிஃபால்ட்ஸ் என்ற இயல்பு மதிப்புக் கோப்பும் அதற்குத் துணை.

பிளேபுக்கில் எழுதினால் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். ஒருமுறை ஓட்டிவிட்டு மறக்கப்போகும் வேலைக்கு அது தாராளம்.

பராமரிப்பு என்று வரும்போதுதான் அது காலை வாருகிறது. பிளேபுக்கில் போர்ட் எண் 8080 என்று இருக்கிறது. ஒரு சர்வருக்கு மட்டும் 9090 வேண்டும். ஹோஸ்ட்_வார்ஸில் அந்த சர்வரின் பெயரில் கோப்புத் திறந்து 9090 என்று எழுதுகிறீர்கள். ஓட்டினால் பிழைச்செய்தி ஏதும் வராது. 8080 தான் போய் உட்காரும். பிளேபுக்கின் வார்ஸ், ஹோஸ்ட்_வார்ஸைவிட மேல்படியில் இருக்கிறது. ரோலுக்குள் இருக்கும் வார்ஸ் கோப்பும் அப்படியே. அதனால் பொது மதிப்பைக் கிட்டத்தட்ட அடிப்படியான ரோல் டிஃபால்ட்ஸில் வைத்துவிடுகிறேன். குழுவுக்கென்று மாறுவது குரூப்_வார்ஸிலும் தனி சர்வருக்கு மாறுவது ஹோஸ்ட்_வார்ஸிலும் போகும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்தாலும், எந்த சர்வர் எதில் விலகி நிற்கிறது என்பதைக் கோப்புகளைத் திறந்தே தெரிந்துகொள்ளலாம்.

இதிலும் முள் இருக்கிறது. குரூப்_வார்ஸில் மூன்று அமைப்புகள் கொண்ட டிக்ஷனரி (பெயர்-மதிப்பு இணைகளின் தொகுப்பு) ஒன்றை வைத்து, ஹோஸ்ட்_வார்ஸில் அதே பெயரில் ஒன்றை மட்டும் மாற்றி எழுதினால், மற்ற இரண்டும் காணாமல் போகும். ஆன்சிபிள் இயல்பாக இணைப்பதில்லை, முழுவதையும் மாற்றிவிடும். இரண்டையும் இணைக்க 'கம்பைன்' ஃபில்டரைப் பயன்படுத்தலாம். நானோ டிக்ஷனரியையே தவிர்த்து, ரோலின் பெயரை முன்னொட்டாகக் கொண்ட தனித்தனி மாறிகளாக உடைத்துவிடுகிறேன். பார்க்க அழகில்லைதான். ஒரு சர்வர் ஒரே மட்டத்தில் இரண்டு குழுக்களில் இருந்தால், குழுப் பெயரின் அகரவரிசையில் பின்னால் வருவது வெல்லும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

கட்டளை வரியில் கொடுப்பது எல்லாவற்றையும் வெல்லும். நிறுவ வேண்டிய பதிப்பு எண் போல ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதற்குப் பொருத்தம். நிலையான அமைப்பை அப்படிக் கொடுத்தால், யார் என்ன கொடுத்தார்கள் என்பதற்குக் கோப்பில் தடயம் இராது. பெயர்=மதிப்பு வடிவில் தருவதெல்லாம் சரமாகவே (வெறும் எழுத்துகளாகவே) வரும்; உண்மை/பொய் மதிப்பென்றால் ஜேசன் வடிவத்தில் கொடுப்பது நல்லது.

ஆன்சிபிள் போன்ற இன்னொரு கருவியான பப்பெட்டில் மதிப்புகளைத் தனிக் கோப்புகளில் வைத்துத் தேடித்தரும் ஹைராவை நான் சிறிய அளவில்தான் பயன்படுத்தியிருக்கிறேன். பெரிய அமைப்பில் எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் 'லுக்கப்' கட்டளையோடு 'எக்ஸ்ப்ளெய்ன்' சேர்த்தால், எந்தெந்தக் கோப்பில் தேடி எதில் மதிப்பு கிடைத்தது என்று வரிசையாகக் காட்டுகிறது. ஆன்சிபிள்-இன்வென்டரி கட்டளை குரூப்_வார்ஸும் ஹோஸ்ட்_வார்ஸும் சேர்ந்த இறுதி மதிப்பைக் காட்டும், அது வந்த கோப்பைக் காட்டாது. ரோல் டிஃபால்ட்ஸ் அதன் கண்ணிலேயே படாது. அந்த ஒரு விஷயத்தில் ஹைராவுக்குத்தான் என் ஓட்டு.