ஹார்டு டிஸ்க் ஸ்லோவா? புதுசு வாங்கறதுக்கு முன்னாடி ஸ்மார்ட்மான்டூல்ஸ் போட்டு பாருங்க

வீட்டு ஃபைல் சர்வர்ல காப்பி ஸ்லோ ஆச்சுன்னா யார கேட்டாலும் வர்ற முதல் பதில் "டிஸ்க் போச்சு, மாத்திடு". அந்த செலவுக்கு போறதுக்கு முன்னாடி டிஸ்க் தன்னோட ஹெல்த்த பத்தி தானே எழுதி வைக்கிற ஸ்மார்ட் கணக்க படிச்சு காட்டற, காசே இல்லாம கிடைக்கிற ஸ்மார்ட்மான்டூல்ஸ ஒரு தடவ ஓட்டி பாருங்க. 2002ல ப்ரூஸ் ஆலன் ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட், லினக்ஸ் விண்டோஸ் மேக் ஃப்ரீபிஎஸ்டி எல்லாத்துலயும் ஓடும், ஓப்பன்மீடியாவால்ட் (வீட்டு ஃபைல் சர்வருக்கான சாஃப்ட்வேர்) போட்டவங்க வெப் ஸ்க்ரீன்ல பாக்கற டிஸ்க் ஹெல்த் விவரமும் உள்ள இது எடுத்து குடுக்கறதுதான்.

என் கேஸ் என்னன்னா, ரெய்டுல (பல டிஸ்க்க ஒண்ணா சேர்த்து ஓட்டற அமைப்பு) இருக்க டிஸ்க் எல்லாம் ஒரே வயசு, பெரிய வீடியோ ஃபைல் காப்பி பண்ணா நல்லா ஓடும், திடீர்னு அப்படியே நிக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். இந்த நின்னு நின்னு போறதுதான் முக்கியமான க்ளூ. ஏன்னா ஸ்பீடு ஒரே சீரா செகண்டுக்கு 11, 12 எம்பிலயே நிக்குதுன்னா அது டிஸ்க்கே இல்ல, நெட்வொர்க் லிங்க் கிகாபிட்ல இருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கிருக்கு, லேன் கேபிள மாத்துங்க. 110 எம்பி பக்கம் நிக்குதுன்னா அதுதான் கிகாபிட்டோட உச்சம், குறை சொல்ல ஒண்ணுமில்ல. சின்ன சின்ன போட்டோ ஆயிரக்கணக்குல காப்பி பண்ணும்போது கொஞ்சூண்டு எம்பில ஊர்றதும் நார்மல்தான், 5400 ஆர்பிஎம் டிஸ்க்ல தேவையான இடம் சுத்தி ஹெட்டுக்கு கீழ வரவே சராசரியா 5.6 மில்லிசெகண்ட் ஆகும், ஹெட் நகர்ற நேரம் தனி, அதுக்கு மேல சம்பா (நெட்வொர்க்ல ஃபைல் ஷேர் பண்ற சாஃப்ட்வேர்) ஒவ்வொரு ஃபைலுக்கும் பண்ற பேச்சுவார்த்தை வேற.

சரி, நின்னு நின்னு போற கேஸுக்கு வருவோம். முதல்ல ஐஓஸ்டாட் (ஒவ்வொரு டிஸ்க்கும் எவ்ளோ பிஸின்னு காட்டற கமாண்ட், இது வேற பேக்கேஜ், சிஸ்ஸ்டாட்ல வரும்) ஓட விட்டுட்டு காப்பி பண்ணி பாத்தா மத்த டிஸ்க் எல்லாம் சும்மா இருக்கு, ஒண்ணு மட்டும் யூட்டில் (பிஸியா இருக்க சதவீதம்) 100ல, அவெய்ட் (ஒரு வேலை முடிய ஆகற நேரம்) நூத்துக்கணக்கான மில்லிசெகண்ட்ல. ரெய்டுல இதான் தலைவலி, ஒருத்தன் லேட் பண்ணா மத்தவன் எல்லாம் அவனுக்காக வெய்ட் பண்ணணும். எந்த டிஸ்க்னு தெரிஞ்சாச்சு, ஏன்னு சொல்ல ஸ்மார்ட்மான்டூல்ஸ்ல வர்ற ஸ்மார்ட்சிடிஎல் கமாண்ட்.

மைனஸ் எக்ஸ் ஆப்ஷன் குடுத்து ஓட்டுங்க, எல்லாத்தையும் கொட்டும். முதல் தடவ பாக்கறவங்களுக்கு தல சுத்தும், அதுவும் மேலயே "ஓவரால் ஹெல்த் பாஸ்ட்"னு ஒரு வரி வருது பாருங்க, அத நம்பவே நம்பாதீங்க. டிஸ்க் கம்பெனி தானே வச்ச வரம்ப தாண்டினாதான் அது ஃபெயில்னு சொல்லும், பாதி செத்த டிஸ்க் கூட ஜம்முனு பாஸ் ஆகும். இந்த டூல்ல எனக்கு பிடிக்காத ஒரே விஷயம் அந்த வரிய தூக்கி மேல வச்சிருக்கறதுதான்.

பாக்க வேண்டியது ரா வேல்யூ காலம், அதுலயும் நாலு நம்பர் போதும். 5 ரீஅலொகேட்டட் செக்டார் (கெட்டுப்போனதால வேற இடத்துக்கு மாத்தின துண்டு), 197 பெண்டிங் செக்டார், 198 அன்கரெக்டபிள் (சரிபண்ண முடியாதது), 199 சிஆர்சி எரர். 197 சைபர தாண்டி ஏறிட்டே இருந்தா டிஸ்க் சில இடத்த படிக்க முடியாம திரும்ப திரும்ப ட்ரை பண்ணுதுன்னு அர்த்தம், காப்பி நிக்கறதுக்கு அதுவே காரணமா இருக்கலாம், உடனே பேக்கப் எடுங்க. ஆனா 5, 197, 198 மூணும் சைபரா இருந்து 199 மட்டும் எகிறுதுன்னா டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா கெட்டுப்போய் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கு, பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். எனக்கு அதேதான். இன்ஃபோ பகுதில சாட்டா வெர்ஷன் வரில 6 ஜிபிபிஎஸ்னு போட்டு பக்கத்துலயே கரண்ட் 1.5னு இருந்துச்சு, எரர் அதிகமானதும் லினக்ஸே லிங்க் ஸ்பீட குறைச்சிருக்கு, டிமெஸேஜ்ல (லினக்ஸ் கெர்னலோட லாக்) தேடினா ஹார்டு ரீசெட்டிங் லிங்க்னு வரிசையா கிடக்கு. கேபிள மாத்தி ரீபூட் பண்ணதும் கரண்ட் 6க்கு வந்துருச்சு, காப்பி நிக்கவே இல்ல. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, 199 குறையவே குறையாது, அது மொத்த கணக்கு, கேபிள் மாத்தினப்புறம் ஏறாம இருக்கான்னுதான் பாக்கணும்.

சீகேட் டிஸ்க் வச்சிருக்கவங்க 1லயும் (ரீட் எரர் ரேட்) 7லயும் (சீக் எரர் ரேட்) கோடிக்கணக்குல நம்பர பாத்து பயந்து போய் போஸ்ட் போடறீங்க, அது எரர் மட்டும் இல்லப்பா, எத்தன ஆபரேஷன் நடந்துச்சுங்கறதும் அதே நம்பருக்குள்ள சேர்ந்து இருக்கு, கண்டுக்காதீங்க.

இந்த டூலால நேரா சொல்ல முடியாத ஒண்ணு எஸ்எம்ஆர். ட்ராக் மேல ட்ராக் ஏத்தி ஓடு வேஞ்ச மாதிரி எழுதற டிஸ்க், கேஷ் பகுதி நிறையற வரைக்கும் பறக்கும், நிறைஞ்சதும் பழைய டேட்டாவ எடுத்து அடுக்கி எழுதறதுக்குள்ள உயிர் போயிடும், ரெய்டு ரீபில்ட்ல (மாத்தின டிஸ்க்ல டேட்டாவ திரும்ப எழுதறது) இன்னும் மோசம். ஸ்மார்ட் நம்பர் எல்லாம் சுத்தமா இருக்கும், ஆனா ரைட் மட்டும் படுத்துடும். சில மாடல்ல இன்ஃபோ பகுதில ட்ரிம் அவைலபிள்னு வரும் (ட்ரிம்னா எந்த இடம் இனி தேவையில்லன்னு டிஸ்க்குக்கு சொல்றது, வழக்கமா எஸ்எஸ்டில இருக்கறது), சுத்தற டிஸ்க்ல ட்ரிம் இருந்தா சந்தேகப்படலாம், ஆனா ட்ரிம் காட்டாத எஸ்எம்ஆரும் உண்டு, அதனால மாடல் நம்பர கம்பெனி லிஸ்ட்ல தேடறதுதான் வழி. நாஸுக்குன்னு (நெட்வொர்க் ஃபைல் சர்வர்) விக்கறது எல்லாம் சேஃப்னு நினைக்க வேணாம், 2020ல வெஸ்டர்ன் டிஜிட்டலே ரெட் வரிசைல 2 டிபி முதல் 6 டிபி வரைக்கும் சில மாடல் எஸ்எம்ஆர்னு வெளிய சொல்லுச்சு, அப்புறம்தான் ட்ராக் மேல ட்ராக் ஏத்தாம எழுதற சிஎம்ஆருக்கு ரெட் ப்ளஸ்னு தனி பேர் வந்துச்சு.

இன்னொரு குறை, சாகப்போற டிஸ்க் எல்லாமே முன்னாடியே சிக்னல் குடுக்காது. 2007ல கூகுள் தன்னோட லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்க வச்சு பண்ண ஆய்வுல, செத்த டிஸ்க்ல 56 சதவீதத்துக்கு மேல முக்கியமான நாலு ஸ்மார்ட் சிக்னல் எதுலயுமே கணக்கு ஏறவே இல்ல. அதனால இது பேக்கப்புக்கு மாற்று கிடையாது.

டெஸ்க்டாப் டிஸ்க்க ரெய்டுல போட்டிருக்கவங்களுக்கு எஸ்சிடி ஈஆர்சி செட்டிங் ஒரு வரம். கெட்ட செக்டார்ல முட்டிக்கிட்டு ரொம்ப நேரம் தொங்காம 70னு குடுத்தா 7 செகண்டுல கைய விரிச்சுடும், மிச்சத்த ரெய்டு பாத்துக்கும். சில டிஸ்க் இத சப்போர்ட் பண்ணாது, சப்போர்ட் பண்றதுலயும் பெரும்பாலும் பவர் போனா மறந்துடும், பூட் ஸ்க்ரிப்ட்ல போட்டுடுங்க.

யூஎஸ்பி டப்பால இருக்க டிஸ்க்குக்கு மைனஸ் டி சாட் சேர்த்து பாருங்க, சில மட்டமான டப்பா அப்பவும் எதையும் காட்டாது. டிஸ்க் முழுசையும் படிச்சு பாக்கற லாங் டெஸ்ட் பெரிய டிஸ்க்ல பல மணி நேரம் ஓடும், நடுவுல யூஸ் பண்ணலாம், ஆனா அப்போ ஸ்பீடு டெஸ்ட் பண்ணிட்டு ஸ்லோன்னு புலம்பாதீங்க. கருப்பு ஸ்க்ரீன் பிடிக்காதவங்களுக்கு ஜிஸ்மார்ட்கன்ட்ரோல் இருக்கு. கூட வர்ற, பின்னாடி ஓடிட்டே டிஸ்க்க கவனிக்கற ஸ்மார்ட்டிய ஆன் பண்ணி மெயில் அட்ரஸ் குடுத்துட்டா பெண்டிங் செக்டார் வந்தா அதுவே தகவல் அனுப்பும், சர்வர்ல மெயில் போற மாதிரி செட் பண்ணிருக்கணும், மைனஸ் எம் டெஸ்ட்னு போட்டு ஒரு சோதனை மெயில் வருதான்னு பாத்துக்கோங்க.