பிராக் போகிறவர்களே, தெருவில் யூரோ மாற்றாதீர்கள்

2024 செப்டம்பரில் செக் நாட்டுத் தலைநகர் பிராக்கில் 200 யூரோவை ஒரே நிமிடத்தில் பறிகொடுத்தோம். வேறு யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பிராக் எங்களுக்குப் புது ஊர் இல்லை. 2016இல் ஒரு தடவை போயிருந்தோம். ராத்திரி பத்து மணிக்கும் சார்லஸ் பாலத்தில் பாட்டும் கூட்டமுமாக இருந்த அந்தக் கலகலப்புக்காகவே மறுபடி போனோம். முதல் தடவையும் பணம் மாற்றுவதில்தான் அடிபட்டோம். பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்துக் கடையில் 'கமிஷன் 0%' என்ற போர்டை நம்பினோம். அப்போது ஒரு யூரோவுக்கு 27 கொருனா (செக் நாட்டுப் பணம்). அவர்கள் கொடுத்தது 18. போர்டில் பெரிதாக இருந்தது அவர்கள் யூரோவை விற்கும் விலையாம். நம்மிடம் யூரோவை வாங்கும் விலை கீழே பொடி எழுத்தில்.

அந்தச் சூடு மனதில் இருந்ததால், இந்தத் தடவை வென்செஸ்லாஸ் சதுக்கத்தில், "ஏங்க, கடை வேண்டாம், போன தடவை பட்டது போதும்" என்று இவரைத் தடுத்தேன். கடை வாசலிலேயே நின்ற ஒருவர் நெருங்கி வந்து, "யூரோவுக்கு 25, கமிஷன் கிடையாது" என்றார். அன்றைய வங்கி விலையும் ஏறக்குறைய அதுதான். அதனால் சந்தேகமே வரவில்லை. ஐந்து நோட்டை விசிறி மாதிரி விரித்து, ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் காட்டி, மடித்து இவர் கையில் திணித்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

பேக்கரியில் நீட்டியபோதுதான் தெரிந்தது. கடைக்கார அம்மா நோட்டைத் திருப்பிப் பார்த்து, மேலே இருந்த எழுத்தில் விரலை வைத்துத் தலையை ஆட்டினார். ரஷ்ய எழுத்து. 1000 கொருனா நோட்டில் பலாட்ஸ்கி என்ற வரலாற்றாசிரியரின் முகம் இருக்கும். இதில் வெறும் கட்டடம். பெலாரஸின் பழைய ரூபிள். 2016 ஜூலையில் அந்த நாடு நான்கு பூஜ்ஜியங்களை வெட்டிப் புது நோட்டு வெளியிட்டபோது ஒதுக்கியவை. அந்தக் கடைசிக் காலத்திலேயே ஐந்துக்கும் சேர்த்து அரை யூரோ தேறாது.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். பணம் வரவில்லை.

அப்புறம் தெரிந்த விஷயம்தான் அதிகம் வலித்தது. 2019 ஏப்ரலிலிருந்து அங்கே சட்டம் மாறியிருக்கிறது. கடையில் 1000 யூரோ வரை மாற்றினால், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தெருவில் மாற்றினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

ஏடிஎம்மில் எடுப்பதாக இருந்தால் வங்கிகளின் ஏடிஎம்மாகப் பாருங்கள். 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா' என்று திரை கேட்கும். வேண்டாம் என்று சொல்லி, கொருனாவிலேயே எடுங்கள். இன்னொன்று, டிராமுக்குள்ளேயே கார்டைத் தட்டி டிக்கெட் வாங்க முடிகிறது. அந்தப் பேக்கரியிலும் கடைசியில் கார்டில்தான் கொடுத்தோம்.