நாரி நோவோடு மறதி: வலியா, குளிசையா, பி12 குறைவா?

நாரி நோ வந்து ஆறேழு மாதத்தில் "திறப்பு வைத்த இடம் தெரியேல்லை, கதைக்கேக்க சொல் வருதில்லை" என்ற முறைப்பாடும் சேர்ந்து வரும். நிலாவெளியில் கரைவலை இழுப்பவருக்கும் வரும், கந்தோர்க் கதிரையில் இருப்பவருக்கும் வரும். உடனே நாரிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நினைக்கிறார்கள். இடுப்பு வட்டு பிதுங்கி நரம்பை நெரித்தால் கால் விறைக்கும், இழுக்கும். ஞாபகத்தை அது நேரே தொடாது. பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டியவை மூன்று.

முதலாவது வலி. தீராத நோ கவனத்தில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். புரளும்போதெல்லாம் விழிப்பதால், பகலில் கண்டதை மூளை பதித்து வைக்கும் ஆழ்ந்த தூக்கமும் போய்விடும். நாட்பட்ட முதுகு வலிக்காரரின் மூளையில் சாம்பல் நிறப்பகுதி குறைந்திருப்பதை 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. சிகிச்சையில் வலி தணிந்தபின் மெலிந்த இடம் மீண்டும் தடித்ததை 2011இல் இன்னொன்று காட்டியது. அடையாளம் எளிது: நோ குறைந்த நாளில் தலையும் தெளியும்.

குளிசையால் வரும் மறதி அப்படி ஏறி இறங்காது. கிளினிக் கொப்பியைத் திறந்து, வலிக்குத் தரும் பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டிரமடோல் தொடங்கிய அல்லது கூட்டிய திகதியைப் பாருங்கள். மறதி அடுத்த சில கிழமைகளில் தொடங்கியிருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். வாய் காய்ந்து மலச்சிக்கலும் இருந்தால் அமிட்ரிப்டிலினாக இருக்கலாம். தடிமனுக்குக் குளோர்பெனிரமினும் போட்டால் இரட்டிப்பு மந்தம். பிரிகாபலின் சிறுநீரகத்தால் வெளியேறுவது, ஆகவே கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறும் கழிவு) கூடியவருக்கு வழக்கமான அளவே மிகை. இத்தனைக்கும், காலுக்கு இறங்கும் நரம்பு வலியில் அது வெற்றுக் குளிசையை விட மேலாக உதவவில்லை என்று 2017இல் ஆஸ்திரேலியப் பரிசோதனை ஒன்று கண்டது. அதற்காக நீங்களாகச் சட்டென்று நிறுத்தவேண்டாம். வைத்தியர் சொற்படி குறைந்தது ஒரு கிழமை எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அதிகம் தவறவிடுவது விட்டமின் பி12 குறைவு. முண்ணாணையும் மூளையையும் சேர்த்துக் கெடுக்கக்கூடியது இந்தக் குறைவுதான். மீன் தின்னும் திருகோணமலையில் ஏன் குறையும்? சுத்த சைவக்காரரை விடுங்கள். சீனி வருத்தத்துக்கு ஆண்டுக்கணக்கில் மெட்போமின், கேஸ்ரிக்குக்கு ஒமிப்ரசோல் எடுப்பவருக்கு மீனிலுள்ள பி12 உடம்பில் சரியாக ஒட்டாமல் போகலாம். வட்டு நெரிப்பு பெரும்பாலும் ஒரு காலில் தெரியும். பி12 குறைவில் இரு பாதமும் ஒன்றாக விறைக்கும், பஞ்சில் மிதிப்பதுபோல இருக்கும். முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு சரியும். இரத்த எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பி12 அளவைத் தனியே பார்க்க வேண்டும். போலிக் அமிலம் மட்டும் எடுத்தால் சோகை மறையும், நரம்பு தொடர்ந்து கெடும். 1000 மைக்ரோகிராம் ஹைட்ரொக்சோகோபாலமின் (பி12) ஊசி பிந்தினால் இழந்தது முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

வயதானவருக்கு மறதியோடு பாதம் நிலத்தில் ஒட்டியதுபோன்ற நடையும் சலம் அடக்க முடியாமையும் சேர்ந்தால், மூளையில் நீர் தேங்கியிருக்கலாம். அப்போது படம் எடுக்க வேண்டியது தலைக்கு. இருக்கையில் படும் இடம் மரத்து, சலம் வராமல் நின்றால் அன்றே ஆஸ்பத்திரி.

கிளினிக்குக்குப் போகும்போது பாமசியில் தானாக வாங்கியது, ஆயுர்வேத உருண்டை உட்பட வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.