திறந்த வீடும் பூட்டிய வீடும்: எந்தக் களஞ்சியத்தை எதற்கு நம்பலாம்?

அண்ணன் மகள் முதுகலைத் தமிழ் படிக்கிறாள். கருத்தரங்குக் கட்டுரை ஒன்றில், சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றியது 1885 என்று எழுதி, அடிக்குறிப்பில் விக்கிப்பீடியாவைக் காட்டியிருந்தாள். பேராசிரியர் அந்த அடிக்குறிப்பைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் "திறந்த வீடு" என்று மட்டும் எழுதியிருந்தார். பழமொழியில் அடுத்து வரும் நாயை நாகரிகம் கருதி விட்டுவிட்டார் போல.

"அப்ப எதைத்தான் நம்புறது சித்தப்பா?" என்று கேட்டாள்.

நான் பல வருடமாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் அவ்வப்போது எழுத்துப்பிழை திருத்துகிறவன். அதனால் எனக்குச் சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பழைய குஸ்தி: விக்கிப்பீடியாவும் பிரிட்டானிக்காவும்

இந்தப் பேச்சு எழுந்தாலே யாராவது 2005-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழ் செய்த ஒப்பீட்டை இழுப்பார்கள். அறிவியல் தலைப்புகளில் 42 கட்டுரைகளை எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் துறை வல்லுநர்களிடம் கொடுத்தார்கள். விக்கிப்பீடியாவில் 162 பிழை, பிரிட்டானிக்காவில் 123. கட்டுரைக்குச் சராசரியாக நான்கும் மூன்றும். பெரும்பிழை என்று சொல்லத்தக்கவை இரண்டிலும் நான்கு நான்கு. அடுத்த மார்ச்சில் பிரிட்டானிக்கா நீண்ட மறுப்பு வெளியிட்டது, ஆய்வு முறையே கோணல் என்றது. நேச்சர் பின்வாங்கவில்லை.

அதே 2005-இல்தான் இன்னொன்றும் நடந்தது. ஜான் சீகன்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பிருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதாக யாரோ எழுதிவைத்தார்கள். சீகன்தாலர் ராபர்ட் கென்னடியிடம் வேலை பார்த்தவர். அந்தப் பொய் மே மாதத்திலிருந்து நான்கு மாதம் அசையாமல் இருந்தது. அதன்பிறகுதான் பெயர் பதியாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக்கட்டுரை தொடங்கக்கூடாது என்று தடை வந்தது. உயிரோடிருப்பவர்களைப் பற்றிய விதிகளும் இறுகின.

இந்த இரண்டு செய்தியையும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவை ஒரே செய்தி. அறிவியல் கட்டுரைகளை நூறு பேர் பார்த்தார்கள், சீகன்தாலர் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. கதவு இரண்டுக்கும் ஒரே அளவுதான் திறந்திருந்தது.

பிரிட்டானிக்கா 2012-இல் அச்சு நூலை நிறுத்திவிட்டது. இணையத்தில் இப்போதும் நல்ல களஞ்சியம்தான். ஆனால் தமிழ்நாட்டுச் சிற்றூரைத் தேடி அங்கே போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஆங்கில விக்கியும் தமிழ் விக்கியும்: பெயர் ஒன்று, வீடு வேறு

நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, ஆங்கில விக்கிப்பீடியாவுக்குக் கிடைத்த நற்சான்றிதழைத் தமிழுக்கும் சேர்த்து மாட்டிவிடுவது. மென்பொருளும் சின்னமும் விதிகளும் ஒன்றேதான். காவலுக்கு இருக்கும் ஆள்கணக்கு வேறு.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே அதற்கு அடித்தளம் போட்டார். 2017-இல் கட்டுரை எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழி. ஆனால் மாதம் தவறாமல் தொகுக்கிறவர்களைக் கூப்பிட்டால் கல்யாண மண்டபத்தில் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடலாம். அந்த ஒரு பந்தி ஆட்கள்தான் லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களுக்குக் காவல்.

விசமத் தொகுப்புகள் சீக்கிரம் பிடிபடும். நடிகர் பெயருக்கு முன்னால் யாராவது கெட்டவார்த்தை எழுதினால் 'அண்மைய மாற்றங்கள்' பார்க்கும் ஒருவர் கண்ணில் பட்டு அது போய்விடும். 1936 என்பது 1963 ஆவதுதான் ஆபத்து. சத்தமில்லாத பிழை. ஆங்கிலத்தில் அதைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவர் பத்துப் பேர் இருப்பார்கள். தமிழில் அந்தப் பக்கத்தை எழுதியவரே விக்கியை விட்டுப் போய் ஐந்து வருடம் ஆகியிருக்கும்.

சின்ன மொழிகளுக்கு இதைவிட மோசமாக நேர்ந்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவின் குட்டு உடைந்தது: இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை எழுதியது அந்த மொழி தெரியாத ஒரு அமெரிக்கப் பையன். சிறுவனாக இருந்தபோது ஆர்வத்தில் தொடங்கி, ஆங்கில வாக்கியத்தின் எழுத்துக்கூட்டை மாற்றி மாற்றி வருடக்கணக்கில் எழுதியிருக்கிறான். கெட்ட எண்ணம் கிடையாது, தடுக்க ஆளும் கிடையாது. குரோவாசிய விக்கிப்பீடியாவில் இருந்தது கெட்ட எண்ணமேதான். தேசியவாதக் குழு ஒன்று நிருவாகி அணுக்கத்தை, அதாவது பக்கத்தை நீக்கவும் ஆளைத் தடுக்கவும் உள்ள அதிகாரத்தை, கையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் உலகப்போர்க் கால யசெனோவாட்ஸ் வதைமுகாமின் கொடுமையையே சிறுத்துக் காட்டியது. மறுத்தவர்கள் தடை செய்யப்பட்டார்கள். பத்தாண்டுக் கூத்து. 2021-இல் விக்கிமீடியா அறக்கட்டளை வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை அதையெல்லாம் பதிவு செய்திருக்கிறது.

தமிழுக்கு இந்த இரண்டு கதியும் வரவில்லை. ஸ்காட்ஸ் கதைக்குப் பக்கத்தில் ஒருமுறை போய் வந்தோம். 2010-ஐ ஒட்டிய காலத்தில் கூகுள், சம்பளத்துக்கு ஆள் அமர்த்தித் தன் மொழிபெயர்ப்புக் கருவி மூலம் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியது. எண்ணிக்கை ஏறியது, தமிழ் இறங்கியது. தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் நாமில்லை. இங்கிருந்தவர்கள் சும்மா இருக்காமல், 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலேயே போய் அந்தத் திட்டத்தை விமர்சித்து உரை நிகழ்த்தினார்கள். ஒரு பந்தி ஆட்கள் இருந்ததால் முடிந்தது. அரைப்பந்தி என்றால் கஷ்டம்தான்.

'வரலாறு' என்று ஒரு தத்தல் (tab)

ஒரு விக்கிப்பீடியா பக்கத்தை நம்பலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வேலை சொல்வேன். பக்கத்தின் மேலே 'வரலாறு' என்று இருக்கும், அதை அழுத்துங்கள். பச்சையில் +1,204, சிவப்பில் −37 என்று வரிசையாக வரும். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு எழுதினார், எவ்வளவு கூட்டினார், எவ்வளவு வெட்டினார் எல்லாம் இருக்கும். இருபது பேர் கைபட்ட பக்கமா, ஒரே ஆள் ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டுப் போன பக்கமா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு 'உரையாடல்'. அங்கே சண்டை நடந்திருந்தால் நல்லது. சண்டை நடந்த பக்கத்தில் சான்றுகள் கறாராக இருக்கும். ஆளரவமே இல்லாத உரையாடல் பக்கத்தைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இந்த வசதி அச்சுக் களஞ்சியத்தில் வாசகருக்குக் கிடையாது. தமிழ் விக்கிப்பீடியாவின் பெரிய பலம் அதன் கட்டுரைகளைவிட இந்தத் தத்தல்தான் என்பது என் எண்ணம்.

தமிழ் விக்கி: ஆசிரியர் உள்ள வீடு

பெயர்க் குழப்பம் வேண்டாம். 2022-இல் எழுத்தாளர் ஜெயமோகன் முன்னெடுப்பில், அமெரிக்காவில் வாஷிங்டனில் தொடங்கப்பட்டது 'தமிழ் விக்கி'. விக்கி மென்பொருள், ஆனால் கதவு பூட்டியிருக்கும். எழுதுவது ஒரு குழு. சரிபார்த்த பிறகு கட்டுரையின் கீழே 'இறுதி செய்யப்பட்டது' என்ற பொருளில் முத்திரை விழும். பிழை கண்டால் நீங்கள் எழுதித் தெரிவிக்கலாம், திருத்துவது அவர்கள்.

பூட்டிய வீட்டு முயற்சிகளின் ஜாதகம் பொதுவாக நன்றாக இருந்ததில்லை. விக்கிப்பீடியாவுக்கு முன்னோடியான நூப்பீடியா, வல்லுநர் மதிப்பாய்வு ஏழு கட்டம் வைத்து, இருபத்துச் சொச்சம் கட்டுரையோடு 2003-இல் மூடியது. விக்கிப்பீடியாவின் இணை நிறுவனர் லாரி சாங்கர் பிறகு மனம் கசந்து, உண்மைப் பெயரும் வல்லுநர் ஒப்புதலும் கட்டாயம் என்று சிட்டிசெண்டியம் தொடங்கினார், அதுவும் எடுபடவில்லை. தமிழ் விக்கி அப்படிப் படுத்துவிடாததற்குக் காரணம், உலகத்தையே எழுத அது கிளம்பவில்லை. தமிழ் இலக்கியம், பண்பாடு, ஆளுமைகள் என்று வேலி போட்டுக்கொண்டது. வேலிக்குள் உழவு ஆழம்.

எழுத்தாளர் ஒருவரைப் பற்றி, பதிப்பாசிரியர் ஒருவரைப் பற்றி, மறந்துபோன இசைவாணர் ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமா? நான் முதலில் தமிழ் விக்கிக்குத்தான் போவேன். நடை ஒரே சீராக இருக்கும். விக்கிப்பீடியாவில் முதல் பத்தி ஈழத்தமிழ், இரண்டாம் பத்தி கோவைத்தமிழ், மூன்றாவது இயந்திரத்தமிழ் என்று வரும் அனுபவம் அங்கே இல்லை.

குறை என்ன? "இலக்கிய இடம்" என்று ஒருவருக்கு எடை போடும் இடத்தில், தராசு யாருடையது என்று தெரிந்தே படிக்க வேண்டும். அது ஒரு மரபின் ரசனை. ஒளிவுமறைவு இல்லை என்பது அதன் நேர்மை. மாற்றுக்கருத்துக்காரர் பக்கத்திலேயே ஒரு வரி சேர்க்க முடியாது என்பது அதன் எல்லை. ஆண்டும் ஊரும் நூற்பட்டியலும் அங்கே எடுப்பேன். தீர்ப்பை அங்கே எடுக்க மாட்டேன்.

கலைக்களஞ்சியம்: அசையாத சாட்சி

தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராக வைத்து 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகள். இப்போது இணையத்திலேயே படிக்கலாம். மனிதன் நிலவில் இறங்கியது அதில் இருக்க வழியில்லை. புளூட்டோ 2006-இல் கோள் பதவியை இழந்தது அதற்குத் தெரியாது. ஆனால் ஒன்று: யாரும் இரவோடிரவாக மாற்ற முடியாது. 1950-களில் தமிழறிஞர்கள் ஒரு பொருளை எந்தச் சொல்லால் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டுமானால் இதற்கு ஈடு இல்லை. கலைச்சொல் தேடுபவர்கள் நடப்பு விவரத்துக்காக இதைத் திறக்காமல், சொல்லுக்காகத் திறக்கலாம்.

இயந்திரமே எழுதும் களஞ்சியம் என்று 2025 அக்டோபரில் எலான் மஸ்க்கின் நிறுவனம் 'குரோக்கிப்பீடியா'வைக் கொண்டுவந்தது. தொடங்கியபோது நம் மொழிக்கு அதில் வேலை இல்லை. மேலே போவோம்.

சரி, நியாயம்?

நம்பகம் என்பது எழுதியிருப்பது சரியா என்ற கேள்வி. நியாயம் என்பது எழுதாமல் விட்டது எது என்ற கேள்வி. இதில் திறந்த வீடுகள் எதிர்பார்த்த அளவு தேறவில்லை.

2018 மே மாதம், டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற கனடிய இயற்பியலாளரைப் பற்றி எழுதிய வரைவை ஆங்கில விக்கிப்பீடியா நிராகரித்தது. குறிப்பிடத்தக்கமைக்கு, அதாவது தனிக்கட்டுரை போடும் அளவுக்கு முக்கியமானவர் என்பதற்கு, சான்று போதாதாம். அக்டோபர் 2-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அவரோடு பரிசைப் பகிர்ந்த அவருடைய பேராசிரியர் ஜெரார் மூரூவுக்கு வருடக்கணக்காகப் பக்கம் இருந்தது. இன்றும் ஆங்கில விக்கியின் வாழ்க்கை வரலாறுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் பெண்களுடையது. விதி ஆண் பெண் பார்ப்பதில்லை. விதி கேட்கும் அச்சுச் சான்றை எழுதிவைத்த உலகம் பார்த்தது.

நமக்கு நெருக்கமான ஒன்று. ஜப்பானிய ஊர் பற்றிய ஆங்கிலக் கட்டுரையின் தொடக்கத்தில் ஜப்பானிய எழுத்தில் பெயர் இருக்கும். மதுரைக்குப் பல வருடம் தமிழ் எழுத்தில் இருந்ததில்லை. ஆங்கில விக்கியினர் 2012-இல் எடுத்த முடிவு: இந்தியக் கட்டுரைகளின் முன்னுரையில் இந்திய எழுத்துகள் வேண்டாம். எந்த எழுத்து முதலில், எது இரண்டாவது என்று நம்மவர்கள் போட்ட சண்டை தாங்காமல் எடுத்தது. கோபம் வருகிறது, பழைய சண்டைகளைப் படித்துப் பார்த்தால் அவர்கள் மேல் பாதிக் கோபம் குறைந்துவிடுகிறது.

சாதிக் கட்டுரைகளிலோ நிலைமை தலைகீழ். அங்கே ஆங்கில விக்கியின் கறார்தான் நியாயமாகப் படுகிறது. வெள்ளைக்கார அதிகாரிகள் தொகுத்த நூல்கள், எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் உட்பட, சாதி வரலாற்றுக்குச் சான்றாக அங்கே எடுபடாது. உயிரோடிருப்பவரின் சாதியை அவரே சொல்லியிருந்தாலொழிய எழுதக்கூடாது. "நாங்கள்தான் ஆண்ட பரம்பரை" என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுதப்படும் வரிகள் விடிவதற்குள் போய்விடுகின்றன. ஆள் குறைந்த தமிழில் அதே கறாரை எல்லாப் பக்கத்திலும் காட்ட முடிவதில்லை.

வாய்மொழிக்கு எங்குமே இடமில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம். எங்கள் ஊர் ஐயனார் கோவிலின் குதிரையெடுப்பு பற்றி ஒருமுறை மணல்தொட்டியில் (விக்கியில் எழுதிப் பழகும் பக்கம்) நான்கு பத்தி எழுதினேன். மண் எந்தக் கண்மாயில் எடுப்பார்கள், முதல் குதிரை யார் வீட்டுக் கணக்கு, மழை பொய்த்தால் என்ன மாற்றம் என்றெல்லாம். சான்று? மண்குதிரை செய்யும் வேளார் தாத்தா சொன்னார். சேமிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நானே அழித்தேன். அதை அனுமதித்தால் ஆண்ட பரம்பரைக்காரரையும் அனுமதிக்க வேண்டும். 2011-இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழிப் பேட்டிகளைச் சான்றாக வைத்துப் பார்க்கும் முயற்சி ஒன்று நடந்தது. விதி அசையவில்லை.

இதற்கு நடுவில் நீதிமன்றங்கள் வேறு. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024-இல் தொடுத்த அவதூறு வழக்கில், அந்த வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தையே எடுக்கும்படி தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு, பக்கம் மறைந்தது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தொகுத்தவர்களின் விவரத்தைக் கேட்டார்கள் என்ற செய்திதான் எனக்கு உறைத்தது. சம்பளமில்லாமல் எழுதுகிறவர் இரண்டு முறை யோசிப்பார்.

அண்ணன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். விக்கிப்பீடியாக் கட்டுரையின் கீழே இருந்த நூற்பட்டியலைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளைத் தொகுத்த நூல், இரண்டாவது நாள், ஏணி வைத்து எடுக்கும் அடுக்கில் கிடைத்தது. ஆண்டு சரிதான், 1885. அடிக்குறிப்பை மாற்றி அச்செடுத்துக் கொடுத்தாள். நூலின் பெயரும் பக்க எண்ணும் ஏறின. பேராசிரியர் இந்தமுறை எதையும் சுழிக்கவில்லை. வழிகாட்டிய பக்கத்தின் பெயர் எங்கும் இல்லை.