சவுக்குத் தோப்புக்கு மண், ஊசி பரிசோதனை: கிண்டி ஆய்வகத்தில் என் அனுபவம்

செய்யூர் பக்கம் மாமனார் விட்டுப்போன மூன்று ஏக்கரில் சவுக்கு வைத்திருக்கிறோம். நட்டு இரண்டரை வருடம் ஆனபோது ரோட்டோரத்து ஒரு ஏக்கர் மட்டும் மஞ்சள் தட்டி, வளராமல் நின்றுவிட்டது. உரக்கடையில், "யூரியா போடுங்க மேடம், பத்து நாள்ல பச்சை ஏறிடும்" என்றார்கள். கீரைப் பாத்திக்குச் சொல்வதைத் தோப்புக்கும் சொல்கிறார்களே என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. வீடு குரோம்பேட்டை என்பதால், கிண்டி தொழிற்பேட்டையில் மண்ணும் இலையும் பரிசோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போனேன். சில குறைகளும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

அங்கே மாதிரி வாங்கும் பெண்ணுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். மஞ்சள் அடித்த இடத்து மண்ணை மட்டும் கொடுக்கலாமா என்று கேட்டேன். "நல்லா இருக்கிற இடத்துலயும் எடுத்துட்டு வாங்க மேடம். ரெண்டையும் பக்கத்துல வச்சாத்தான் எது குறையுதுன்னு தெரியும். மண்ணோட ஊசியும் வேணும்" என்றார். ஊசி என்றால் சவுக்கின் ஊசி மாதிரி மெல்லிய இலை. நான் கொடுத்த பணத்துக்கு இந்த ஒரு பேச்சே போதும் என்பேன். ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே தழைச்சத்து (நைட்ரஜன்) இருந்தால் குறைவு என்று மண் அட்டையில் போடுகிறார்களே, அந்த அளவுகோல் நெல் போன்ற பயிர்களுக்கு வகுத்தது. மரத்தின் வேர் ஆழத்துக்குப் போகிறது. உதிர்ந்த சருகு மக்கி, அதன் சத்து திரும்ப வேருக்கே வருகிறது. மண்ணில் என்ன இருக்கிறது என்பது ஒன்று, அதில் மரத்துக்கு எவ்வளவு கிடைத்தது என்பது வேறு. இரண்டாவதை ஊசிதான் சொல்லும்.

எப்படி எடுப்பது என்று தாளில் எழுதியே கொடுத்தார். ஒவ்வொரு பகுதியிலும் இருபது மரம். உச்சிப் பக்கத்து மூன்றில் ஒரு பாகத்தில், வெயில் படுகிற கிளையில், முற்றிய ஊசி. (நாம் ஊசி என்பது உண்மையில் மெல்லிய கிளைதானாம், நிஜ இலை கணுவில் பல் மாதிரி ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது.) மண் 15, 30, 60 சென்டிமீட்டர் என்று மூன்று அடுக்காக. முதல் தடவை நான் ஊசியை பிளாஸ்டிக் கவரில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோனேன். வியர்த்து நசநசத்துவிட்டது. வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு வருத்தம்தான், ஆனால் கெட்ட மாதிரியை வாங்கி ஏதோ ஒரு எண்ணை எழுதிக் கொடுக்கிறவர்களைவிட இது எவ்வளவோ மேல். அடுத்த வாரம் காகிதக் கவரில் கொண்டுபோனேன். நூறு ஊசியைக் காயவைத்து எடையும் போட்டார்கள். வேகமாக வளரும் மரத்தில் சத்து பரவிப்போய் சதவீதம் குறைவாகத் தெரியுமாம். அதனால் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

முடிவு பத்து நாளில் என்றார்கள், பத்தொன்பது நாள் ஆனது. இரண்டு முறை நானே போன் செய்ய வேண்டியிருந்தது. அறிக்கை முழுக்க ஆங்கிலம். தோப்பைப் பார்த்துக்கொள்பவருக்கு நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும்விட, கடைசிப் பக்கத்து உரப் பரிந்துரையை மன்னிக்க முடியவில்லை. ஏதோ வயல் பயிருக்கான அச்சு. அதிலும் யூரியா! இவ்வளவு கவனமாக அளந்துவிட்டு அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்க்காமல் அனுப்பலாமா?

எண்கள் சொன்ன கதை வேறு. நல்ல பகுதி ஊசியில் தழைச்சத்து 1.8 சதவீதம், மஞ்சள் பகுதியில் 1.1. மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.12-க்கு 0.05. நூறு ஊசி எடையும் மஞ்சள் பகுதியில்தான் குறைவு, ஆகவே சத்து பரவிப்போனது என்று தள்ளிவிட முடியாது. இந்தத் தாளோடு மறுபடி அந்தப் பெண்ணிடம் போனேன். சவுக்கின் வேர் முடிச்சில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் இருந்துகொண்டு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. மணிச்சத்து இல்லாவிட்டால் முடிச்சே சரியாக வராது என்றார். "ரெண்டு இடத்துலயும் வேரைத் தோண்டிப் பாருங்க." தோண்டினோம். நல்ல பக்கம் பவளக்கொத்து மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. ரோட்டுப் பக்கம் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அப்புறம்தான் எனக்கே உறைத்தது. ரோட்டுப் பக்கத்துச் சருகை ஊர்க்காரர்கள் அடுப்புக்குக் கூட்டி எடுத்துப் போகிறார்கள். நல்ல பக்கத்தில் மாமனார் காலத்தில் மாட்டுக்கொட்டகை இருந்தது. ஒரு பக்கம் வருடக்கணக்கில் போட்டது, இன்னொரு பக்கம் வருடக்கணக்கில் எடுத்தது. உரக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு, தழைச்சத்து மட்டுமே தரும் யூரியாவைப் போட்டிருந்தால் பச்சை கொஞ்ச நாள் ஏறியிருக்கும், முடிச்சு அப்படியேதான் இருந்திருக்கும்.

ஐப்பசி முதல் மழையில் மரத்துக்கு ஒரு கைப்பிடி சூப்பர் பாஸ்பேட், அதாவது மணிச்சத்து உரம், வைத்தோம். நான்கு வரிசைக்கு மட்டும் வேண்டுமென்றே ஒன்றும் வைக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க. சருகு கூட்டுகிறவர்களிடம் பேசி, ரோட்டோரத்து இரண்டு வரிசையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டுமே. இப்போது உரம் வைத்த வரிசைகளில் புது ஊசி கரும்பச்சையாக வருகிறது.

சவுக்கோ தைலமரமோ தேக்கோ வைத்திருப்பவர்கள் தாராளமாக இந்த மாதிரி ஓர் ஆய்வகத்துக்குப் போகலாம். அளவுகளை நம்புங்கள், அச்சடித்த பரிந்துரையை நம்பாதீர்கள், எதிரே உட்கார்ந்து கேளுங்கள். மாதிரி எடுத்த நாற்பது மரங்களுக்கும் வெள்ளை பெயிண்டில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். போன தடவை தை மாதம் எடுத்ததால், வரும் தையில் அதே மரங்களில் எடுத்து அதே ஆய்வகத்துக்குத்தான் கொண்டுபோகப் போகிறேன், காகிதக் கவரில்.